மடியில் கனம்

மடியில் கனமில்லையேல் வழியில் பயமில்லை என்பது நம் முன்னோர் வாக்கு. கள்வர்க்கு அஞ்சுபவன் கைப்பொருள் உடையவனே. வெறுங்கையன் நள்ளிரவிலும் பாட்டுப் பாடிக்கொண்டு நடப்பான். இவ்வுண்மையை அறிய விரும்புவோர் அறநூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. சிறிய கால்பந்துக் கழகம் ஒன்றின் இரசிகர் முகத்தைப் பார்த்தாலே போதும். தோற்றுக்கொண்டேயிருக்கும் கழகத்தின் இரசிகருக்குக் கவலைகள் பல உண்டு. ஆயினும், 'நம் பயிற்சியாளரை யாரேனும் கவர்ந்து சென்றுவிடுவார்களோ?' என்னும் கவலை மட்டும் அவருக்கு இராது. யாரேனும் கொண்டு சென்றால் நன்று என்றுகூட அவர் எண்ணக்கூடும். அக்கழகமே நல்லதொரு பயிற்சியாளரைப் பெற்று, நான்கு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று, பட்டியலில் மேலேறும் நாளில்தான் அந்த அச்சம் பிறக்கிறது. அது வெற்றியோடு ஒட்டிப் பிறக்கும் இரட்டைப் பிள்ளை.

நாங்கள் கொல்கத்தா மாநகரில் மத்திய அரசு அலுவலகங்களில் கோப்புகளோடு காலங்கழிக்கும் தமிழர் சிலர். ஞாயிற்றுக்கிழமைகளில் லேக் மார்க்கெட்டில் வாழைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு, வழியில் ஒரு மண்குவளைத் தேநீரோடு நின்று, கால்பந்து பேசுவது எங்கள் வழக்கம். இம்மாநகரில் பல்லாண்டு வாழ்ந்தவர் எவரும் கால்பந்து பேசாமல் தப்ப இயலாது. ஆங்கிலேயர் 'மேனேஜர்' என்றழைக்கும் மனிதரை நம் மைதானத்தார் 'கோச்' என்பர். அவரையே இக்கட்டுரையில் பயிற்சியாளர் என்று குறிக்கிறோம்.

ஆட்டக்காரர் ஒருவர் பிரிந்து செல்வதும் பயிற்சியாளர் பிரிந்து செல்வதும் ஒன்றல்ல. ஆட்டக்காரர் சென்றால் வீட்டில் ஒரு தூண் போகிறது; வேறொரு தூணை நிறுத்திக்கொள்ளலாம். பயிற்சியாளர் சென்றாலோ வீட்டின் வரைபடமே போய்விடுகிறது. எவரை எங்கே நிறுத்துவது, எவருக்கு ஓய்வளிப்பது, தோல்விக்குப் பின் ஆட்டக்காரர் அறையில் என்ன பேசுவது என்பனவெல்லாம் அவர் தலைக்குள் இருப்பவை. மேலும், அவர் தனியாகவும் செல்வதில்லை. முதலில் துணைப் பயிற்சியாளர்கள் உடன் செல்வர். அடுத்த பருவத்தில் அவர் வளர்த்த ஆட்டக்காரர் இருவர் மூவர் பின்தொடர்வர். ஒப்பந்தம் இருக்கிறதே எனலாம். ஒப்பந்தம் அவரைக் கட்டிவைக்கும் கயிறு அன்று. அவர் செல்லும்போது பெரிய கழகம் எவ்வளவு இழப்பீடு தரவேண்டும் என்பதைச் சொல்லும் விலைச்சீட்டு மட்டுமே.

இவ்வச்சம் பற்றிக்கொண்ட இரசிகரின் நடத்தை வேடிக்கையானது. தம் கழகம் வெல்ல வேண்டும் என வேண்டுவதோடு அவர் நிற்பதில்லை. தமக்குத் தொடர்பே இல்லாத பெரிய கழகங்களும் வெல்ல வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார். எங்கோ ஒரு பெரிய கழகம் மூன்று ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றால், அங்குள்ள பயிற்சியாளர் விலக்கப்படுவார், காலியிடம் ஏற்படும், உடனே நம்மவரைக் கண் வைப்பார்கள் என்று இவர் தூக்கத்தை இழக்கிறார். பயிற்சியாளர் செய்தியாளரிடம் கூறும் ஒவ்வொரு சொல்லையும் எடைபோடுகிறார். 'இப்போதைக்கு இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறேன்' என்று அவர் கூறிவிட்டால், அந்த 'இப்போதைக்கு' என்னும் ஒரு சொல் பத்து நாள் விவாதத்துக்குப் போதும். எங்களைப் போன்ற அலுவலக எழுத்தர்களுக்கு இது புதிதன்று. 'மறு ஆணை வரும்வரை' என்னும் தொடரின் பொருள் எங்களுக்குத் தெரியாதா என்ன!

கொல்கத்தா மைதானம் இதன் வேதனையை நன்கறியும். பி. கே. பானர்ஜி என்னும் பெயரை இங்குள்ள முதியோர் இன்றும் தனி மதிப்போடு சொல்கின்றனர். ஆட்டக்காரராக இருந்த நாளில் 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர்; 1962இல் ஜகார்த்தாவில் ஆசியப் போட்டித் தங்கம் வென்ற அணியில் ஆடியவர். அவருடைய ஆட்ட வாழ்வின் பெரும்பகுதி எங்கே கழிந்தது தெரியுமா? மோகன் பகானிலும் அன்று, ஈஸ்ட் பெங்காலிலும் அன்று; ஈஸ்டர்ன் இரயில்வே அணியில். அந்த இரயில்வே அணி 1958இல் கல்கத்தா லீக் பட்டத்தையே வென்றது. பெருங்கழகங்கள் மூன்றையும் விட்டு வேறோர் அணி அப்பட்டத்தை மீண்டும் வெல்வதற்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரயில்வே ஊழியராகவே இருந்து இத்துணைப் புகழ் எய்திய ஒருவர், மத்திய அரசுப் பணியிலுள்ள எங்களுக்கு எவ்வளவு நெருக்கமானவராகத் தோன்றுவார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அவர் பயிற்சியாளராகி 1972இல் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்கு வந்தார். 1970 தொடங்கி 1975 முடிய ஆறு ஆண்டுகள் தொடர்ந்து லீக் பட்டம் அக்கழகத்துக்கே. 1975 செப்டம்பர் 30 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை 5–0 என்று வென்ற நாள், அக்கழகத்தாரின் நினைவில் பொன்னெழுத்தால் பொறிக்கப்பட்ட நாள். ஈஸ்ட் பெங்கால் என்பது பெரும்பாலும் பிரிவினையால் வீடிழந்து இப்பக்கம் வந்தவர்களின் கழகம். மண்ணை இழந்து வந்தவர்க்கு அது ஒரு விளையாட்டுக் குழு மட்டுமன்று. தலைநிமிர்ந்து நிற்பதற்கு ஒரு திண்ணை. அத்திண்ணைக்கு அழகு செய்த அம்மனிதர் அடுத்த ஆண்டே, 1976இல், எதிர்வீடாகிய மோகன் பகானுக்குச் சென்றார். அவ்வாண்டு லீக்கில் இரு கழகங்களும் மோதிய ஆட்டத்தில், தொடங்கிய பதினேழாம் நொடியில் மோகன் பகானின் அக்பர் கோல் அடித்தார். ஆட்டமும் பட்டமும் மோகன் பகானுக்குச் சென்றன. 1977இல் ஐ.எஃப்.ஏ. கேடயம், டூரண்ட், ரோவர்ஸ் ஆகிய மூன்று கிண்ணங்களையும் மோகன் பகான் ஒருங்கே வென்றது. இலிஷ் மீன் சமைக்கும் வீடுகளில் அந்நாள்களில் அடுப்பு எவ்வளவு சுணங்கியிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே 1977இல் லீக் பட்டத்தை ஈஸ்ட் பெங்கால் மீட்டுக்கொண்டது. பானர்ஜியும் பின்னாளில் ஈஸ்ட் பெங்காலுக்கே திரும்பி வந்தார். 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000க்கும் மேற்பட்டோர் திரண்டிருந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 4–1 என்று வென்றபோது, அந்த அணியின் பயிற்சியாளர் அவரே. 2020 மார்ச் 20 அன்று அவர் மறைந்தபோது இரு வீட்டாரும் ஒருசேரத் துக்கம் காத்தனர். ஒருவர் விலகிச் செல்வது என்றென்றைக்குமான பகையாக முடிய வேண்டியதில்லை என்பதற்கு இம்மாநகர் தந்த சான்று இது.

ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் சம வலிமையுடைய இரு மாளிகைகள். ஒன்றிடமிருந்து ஒன்று கவர்வது அண்டை வீட்டுப் பூசல். ஆனால் மாளிகை ஒன்று குடிசையை நோக்கிக் கை நீட்டும்போது, அதன் பொருளே வேறாகிவிடுகிறது. அத்தகைய நிகழ்ச்சி ஒன்று எங்கள் கண் முன்னே நடந்தது.

மிசோரம் மாநிலத் தலைநகர் ஐசால். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மூன்று இலட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் மலைநகர். 1984இல் அங்குத் தோன்றிய ஐசால் கால்பந்துக் கழகம் 2015–16 பருவத்தில்தான் முதன்முறையாக ஐ-லீக்கில் ஆடியது. ஆடிய முதற்பருவத்திலேயே கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் நிலைக்கு வந்துவிட்டது. கோவாவைச் சேர்ந்த கழகங்கள் விலகிக்கொண்டதால் மட்டுமே அதற்கு மீண்டும் இடம் கிடைத்தது. அந்நிலையில் மும்பையிலிருந்து காலித் ஜமீல் என்னும் பயிற்சியாளர் வந்தார். ஏழு பருவங்கள் மும்பை கழகம் ஒன்றைப் பயிற்றியவர், ஆரவாரமில்லாதவர். அடுத்து நடந்தது கதை போலவே இருக்கும். 2017 ஏப்ரல் 22 அன்று தன் சொந்த மைதானத்தில் ஐசால் மோகன் பகானை 1–0 என்று வென்றது. ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கில் இறுதி ஆட்டம். ஒரு கோல் பின்தங்கியிருந்து, இரண்டாம் பாதியில் சமன் செய்து, 1–1 என முடித்து, 37 புள்ளிகளோடு பட்டம் வென்றது. மோகன் பகானுக்கு 36 புள்ளிகள். வடகிழக்கு மாநிலங்களிலிருந்து தேசியப் பட்டம் வென்ற முதற்கழகம் ஐசாலே.

அக்கோப்பை மலையேறி ஐசாலுக்குள் நுழைந்த நாளில் அங்குள்ளோர் மனத்தின் ஒரு மூலையில் என்ன வினா எழுந்திருக்கும் என்பதை, சிறிய கழகம் ஒன்றை நேசித்த எவரும் அறிவர். 'இவரை இனி எத்தனை நாள் வைத்துக்கொள்ள முடியும்?' விடை விரைவிலேயே கிடைத்தது. அடுத்த பருவத்துக்குக் காலித் ஜமீலை அழைத்துக்கொண்ட கழகம், நம் ஈஸ்ட் பெங்காலேதான். 2003–04க்குப் பின் தேசியப் பட்டம் காணாத தாகம் அதற்கு. 1976இல் எந்தக் கழகத்தார் இழப்பின் கசப்பை உண்டார்களோ, அவர்களே 2017இல் இன்னொருவருக்கு அக்கசப்பை ஊட்டினர். எங்களுள் ஈஸ்ட் பெங்கால் பக்தர்கள் சிலர் உண்டு. 'திறமைக்கு உரிய இடம் கிடைத்தது' என்றனர் அவர்கள். 'பதினேழு நொடி கோலை மறந்தீர்களா?' என்று மற்றவர் கேட்டனர். தேநீர் ஆறிப் போயிற்று, விவாதம் ஆறவில்லை.

முடிவு எவருக்கும் இனிக்கவில்லை. ஈஸ்ட் பெங்கால் 2017–18 பருவத்தில் நான்காம் இடத்தையே பெற்றது. பயிற்சியாளர் அங்கே நீடிக்கவில்லை. ஐசால் 2018இல் ஆசியப் போட்டிகள் வரை சென்று ஆடியது. ஆயினும் பட்டம் மீண்டும் மலையேறவில்லை. அதன்பின் அப்பயிற்சியாளர் பல கழகங்களைக் கண்டு, 2025 ஆகஸ்டில் இந்திய நாட்டு அணிக்கே பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். ஐசாலின் குன்றுகளில் முளைத்த விதைதான் அது என்று அவ்வூரார் பெருமை கொள்ள உரிமையுண்டு. ஆனால் பெருமை வேறு, வெறுமை வேறு. இரண்டும் ஒரே நெஞ்சில் குடியிருக்க வல்லவை.

இது நம் நாட்டுக்கு மட்டுமே உரிய வழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், கருங்கல் வீடுகள் நிறைந்த ஆபர்டீன் என்னும் துறைமுக நகர் உண்டு. அந்நாட்டுக் கால்பந்து கிளாஸ்கோ நகரின் செல்டிக், ரேஞ்சர்ஸ் என்னும் இரு கழகங்களின் ஆட்சியில் இருப்பது. 1978இல் ஆபர்டீனுக்கு அலெக்ஸ் ஃபெர்குசன் பயிற்சியாளராக வந்தார். அதற்கு முன் அக்கழகம் லீக் பட்டம் வென்றது ஒரே முறை, 1955இல். இவர் வந்தபின் 1980, 1984, 1985 என மூன்று பட்டங்கள், நான்கு ஸ்காட்டிஷ் கோப்பைகள், இன்னும் பிற. 1983 மே 11 அன்று ஸ்வீடன் நாட்டுக் கோத்தன்பர்க் நகரில், கொட்டும் மழையில், ரியல் மாட்ரிட் என்னும் பேரரசையே 2–1 என்று வென்று ஐரோப்பியக் கோப்பை ஒன்றைக் கொண்டுவந்தனர்.

அந்த நாள் தொட்டே அந்நகரத்தார் கவலை தொடங்கியிருக்க வேண்டும். அதே 1983இல் ரேஞ்சர்ஸ் அவரை அழைத்தது. அவர் பிறந்து வளர்ந்த பகுதியின் கழகம். அவர் ஒரு காலத்தில் ஆடிய கழகமும்கூட. அவர் மறுத்துவிட்டார். ஓர் அழைப்பை மறுப்பவரைப் பற்றி இரசிகர் இரு வகையாக எண்ணுவர்: 'இனி இவர் நம்மவரே' என்பது ஒன்று, 'இதைவிடப் பெரியதற்காகக் காத்திருக்கிறார்' என்பது மற்றொன்று. 1986 நவம்பர் 6 அன்று மான்செஸ்டர் யுனைடெட் அழைத்தது, அவர் சென்றார். அன்று அக்கழகம் இருபத்திரண்டு கழகங்கள் கொண்ட பட்டியலில் இருபத்தொன்றாம் இடத்தில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய கழகம் என்பது பட்டியலில் மேலே நிற்பதன்று. அதன் பெயரும் பணமும் கொள்ளளவும் பெரியவை. இருபத்தாறு ஆண்டுகள் அங்கிருந்து பதின்மூன்று லீக் பட்டங்களை அவர் குவித்தார். ஆபர்டீன் 1989–90 பருவத்தில் இரு கோப்பைகளை வென்றது. 1991இல் இறுதி நாளன்று ரேஞ்சர்ஸிடம் தோற்று லீக் பட்டத்தை இழந்தது. 1985க்குப் பிறகு 2025 முடிய நாற்பது ஆண்டுகளில், கிளாஸ்கோவின் அவ்விரு கழகங்களைத் தவிர வேறெந்தக் கழகமும் அந்நாட்டு லீக் பட்டத்தைத் தொட்டதில்லை. ஆபர்டீன் மீண்டும் ஸ்காட்டிஷ் கோப்பையை ஏந்தியது 2025 மே மாதத்தில். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து. ஒரு மனிதர் பெட்டியைக் கட்டியதால் ஓர் ஊரின் பொற்காலமே உடன் கட்டப்பட்டுச் சென்றது போலாயிற்று.

ஜெர்மனியின் லெவர்கூசன் வேறொரு பாடம். 1904இல் பேயர் மருந்து ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய கழகம் அது. எத்தனையோ முறை இரண்டாமிடம் வந்தும் லீக் பட்டம் பெறாததால் ஏளனத்துக்கு ஆளானது. 2022 அக்டோபரில், இறுதிக்கு முந்தைய இடத்தில் தத்தளித்தபோது, சாபி அலோன்சோ பயிற்சியாளராக வந்தார். 2024 ஏப்ரல் 14 அன்று, ஐந்து ஆட்டங்கள் எஞ்சியிருக்கும்போதே, அது தன் முதல் பட்டத்தை வென்றது. அப்பருவத்தின் 34 லீக் ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை. அந்நாட்டு முதற்பிரிவில் அதற்கு முன் எக்கழகமும் செய்திராத செயல்.

அப்பருவத்தின் நடுவில்தான் அச்சம் உச்சிக்கு ஏறியது. அலோன்சோ ஆட்டக்காரராக இருந்த நாளில் லிவர்பூல், ரியல் மாட்ரிட், பேயர்ன் மியூனிக் என மூன்று பெருங்கழகங்களிலும் ஆடியவர். 2024 ஜனவரியில் லிவர்பூல் பயிற்சியாளர் தாம் விலகப்போவதாக அறிவித்தார்; பிப்ரவரியில் பேயர்ன் கழகமும் தன் பயிற்சியாளர் பருவ முடிவில் செல்வார் என அறிவித்தது. அவருடைய பழைய வீடுகளில் இரண்டு ஒரே நேரத்தில் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தன. மார்ச் 29 அன்று, தாம் லெவர்கூசனிலேயே இருக்கப்போவதாக அவர் அறிவித்தார். அந்த ஓர் ஆண்டுக்காக அவ்வூரார் எவ்வளவு நன்றி பாராட்டியிருப்பர்! அடுத்த ஆண்டு மே மாதம், மூன்றாம் வீடாகிய மாட்ரிட் அழைத்தது, அவர் விடைபெற்றார். சிறந்த ஆட்டக்காரர் பலரும் அதே கோடையில் வெளியேறினர். அவருக்கு அடுத்து வந்த பயிற்சியாளர் லீக்கில் இரண்டே ஆட்டங்கள் முடிந்த நிலையில் விலக்கப்பட்டார்.

அந்த ஓராண்டின் அருமையை நாங்கள் நன்கு உணர்வோம். எங்கள் பகுதியில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு ஒன்று நடக்கிறது. தணிக்கைத் துறை நண்பர் ஒருவர் அதைப் பொறுப்பேற்றபோது பதினொரு பிள்ளைகள் இருந்தனர்; ஆறே ஆண்டுகளில் நாற்பதாயினர். வங்காளத்தில் சிந்தித்து ஆங்கிலத்தில் பேசும் பிள்ளைகள், ஊரிலுள்ள பாட்டிக்குத் தம் கையாலேயே தமிழில் கடிதம் எழுதினர். அவருக்குத் தில்லிக்குப் பதவி உயர்வு வரப்போவதாகச் செய்தி கசிந்தது முதல் பெற்றோர் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தனர். முறுக்கும் அதிரசமும் வகுப்புக்கு அடிக்கடி வரலாயின. 'அண்ணா, தில்லிக் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா?' என்று ஓர் அம்மையார் மிகுந்த அக்கறையோடு வினவினார். பதவி உயர்வை மறுத்தால் ஓராண்டுக்கு அவ்வாய்ப்பு மீண்டும் வராது என்பது மத்திய அரசு ஊழியர் அனைவரும் அறிந்த விதி. அவர் மறுத்தார். அந்த ஓராண்டு எங்களுக்குக் கிடைத்தது. அடுத்த ஆணை வந்தபோது அவருடைய மகள் கல்லூரி வாயிலில் நின்றிருந்தாள். செலவுகள் கழுத்தளவு நின்றன. அவர் சென்றார். ஒருவரும் அவரைக் குறை கூறவில்லை. ஆனால் ஹௌரா நிலையத்தில் வழியனுப்பிவிட்டுத் திரும்பிய மாலையில் எங்களுள் எவரும் பேசவுமில்லை.

எனினும் அவர் அந்த ஓராண்டை எவ்வாறு செலவிட்டார் என்பதே சொல்லத்தக்கது. தம்மிடம் பயின்று கல்லூரிக்குச் சென்ற இரு பெண்களை வாரந்தோறும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு பாடம் நடத்தச் செய்தார். எந்தப் பிள்ளைக்கு றகரமும் ரகரமும் குழம்பும், எவன் அதட்டினால் வாய் மூடிக்கொள்வான் என்பதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தார். இன்று பிள்ளைகள் இருபத்தாறு பேர். நாற்பது அல்லர். ஆனால் வகுப்பு நடக்கிறது.

அந்த நோட்டுப் புத்தகத்தின் பெருமையைக் கால்பந்து உலகில் உணர்ந்த கழகம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன் கழகம், தன் பயிற்சியாளர் என்றேனும் ஒருநாள் செல்வார் என்பதை முன்னதாகவே ஏற்றுக்கொண்டு, அடுத்து யாரைக் கொணர்வது என்று எப்போதும் ஆராய்ந்துகொண்டிருப்பது. 2022 செப்டம்பர் 8 அன்று செல்சி என்னும் செல்வக் கழகம் அதன் பயிற்சியாளர் கிரஹாம் பாட்டரைத் துணைவர்களோடு கொண்டு சென்றது. இரண்டு கோடி பவுனுக்கும் மேற்பட்ட இழப்பீடு தரப்பட்டதாகச் செய்தி. பத்தே நாளில் இத்தாலியரான ராபர்ட்டோ டி செர்பி அவ்விடத்துக்கு வந்தார். அக்டோபர் 29 அன்று பாட்டர் தம் புதிய அணியோடு பிரைட்டனுக்கு வந்தபோது, பழைய அணி அவரை 4–1 என்று வென்றது. அப்பருவ முடிவில் பிரைட்டன் ஆறாம் இடம் பெற்று, தன் வரலாற்றில் முதன்முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி எய்தியது. செல்சியோ பன்னிரண்டாம் இடம். பாட்டர் ஏழு மாதங்கூட அங்கே நிலைக்கவில்லை. டி செர்பியும் 2024இல் சென்றார். அதன்பின் முப்பத்தொரு வயதே நிரம்பிய ஒருவரை அக்கழகம் அமர்த்திக்கொண்டது. அங்குள்ள இரசிகர்க்கும் கவலை இல்லாமலில்லை. ஆனால் அவர்களுடைய கவலைக்கு ஒரு கைத்தடி உண்டு.

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்க்கையில் எங்களுக்குத் தோன்றுவது இது. நல்லவரை இழக்க நேருமே என்னும் அச்சம் இழிவானதன்று. மதிப்பறிந்தவர்க்கே அது வரும். ஆனால் அவ்வச்சம் மனிதரைப் பிடித்துவைப்பதிலேயே கருத்தாக இருந்தால், இருக்கும் நாளையும் அனுபவிக்க விடாது. ஐந்து கோல் அடித்து வென்ற இரவிலும், 'இதைப் பார்த்துவிட்டு யார் வரப்போகிறார்களோ' என்று கலங்குபவருக்கு வெற்றியே தண்டனையாகிவிடும். மனிதரைப் பிடித்துவைக்க இயலாது. அவர் அறிந்ததைப் பிடித்துவைக்க இயலும். பயிற்சியாளர் சென்ற பின் கழகத்தில் என்ன மிஞ்சுகிறது என்பதைக் கொண்டுதான் அவருடைய பெருமையை அளக்க வேண்டும். அடுத்து வருபவருக்கு முதல் நாளிலேயே கைதட்டுகிறார்களா என்பதைக் கொண்டு இரசிகரின் பெருமையை அளக்கலாம்.

இதில் நமக்கு, இம்மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கு, ஒரு தனிப் பொறுப்பும் இருக்கிறது. கால்பந்து பேசும்போது நாம் எப்போதும் சிறிய கழகத்தின் பக்கம் நிற்கிறோம். கைவிடப்பட்டவர் பக்கம் நின்று கண் கலங்குகிறோம். ஆனால் நம் ஊர்களின் கண்ணோட்டத்தில் நாம் யார்? கும்பகோணத்திலிருந்தும் பாளையங்கோட்டையிலிருந்தும் தேர்வு எழுதி, நியமன ஆணை பெற்று, பெட்டியோடு இரயிலேறி வந்தவர்கள் நாம். பெரிய கழகம் அழைத்தது, வந்தோம். ஊர்ப் பள்ளிக்கூடம் நம்மை உருவாக்கியது. ஊர் நூலகம் நமக்குப் படிக்கக் கொடுத்தது. ஊர்த் திண்ணையில் பேசிப் பழகிய நாவன்மை இன்று தலைநகரங்களின் கோப்புகளில் குறிப்பெழுதிக்கொண்டிருக்கிறது. நமக்கும் ஓர் ஆபர்டீன் உண்டு. அங்கே நம் வீட்டுத் திண்ணை வெறிச்சோடியிருக்கிறது.

வந்தது தவறன்று. கொல்கத்தாவின் பழைய கால்பந்து வரலாற்றிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. 1949 முதல் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் நின்று, 'பஞ்ச பாண்டவர்' என்று இவ்வூரார் கொண்டாடிய வெங்கடேஷ், அப்பாராவ், தனராஜ், அகமத் கான், சாலே ஆகிய ஐவரும் தென்னாட்டிலிருந்து வந்தவர்களே. தென்னகக் கழகங்கள் அவர்களை இழந்தன; வங்கம் அவர்களைத் தன் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டது. திறமைக்குக் கால்கள் உண்டு. அக்கால்கள் நடக்கத்தான் செய்யும்.

நடந்து வந்தவர் விட்டுவந்த இடத்துக்கு என்ன செய்தார் என்பதே வினா. ஊரிலுள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு பரிசு, நூலகத்துக்குப் பத்து நூல், விடுமுறையில் செல்லும்போது போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளோடு இரண்டு மாலைப்பொழுது: இவையே நாம் எழுதிக் கொடுக்கக்கூடிய நோட்டுப் புத்தகம். இங்கேயும் அவ்வாறே. நம் சங்கத்தின் செயலாளர், வகுப்பின் ஆசிரியை, நாடகத்துக்கு ஒப்பனை செய்யும் நண்பர் எனப் பலரும் மாறுதல் ஆணைக்கு உட்பட்டவர்களே. அவர்களை இழந்துவிடுவோமோ என்று அஞ்சுவதோடு நில்லாமல், அவர்கள் பக்கத்தில் இளையவர் ஒருவரை இன்றே அமர்த்துவோம்.

இவ்வாண்டும் ஏதேனும் ஒரு நாட்டில், ஏதேனும் ஒரு சிறிய கழகம் எதிர்பாராமல் வெல்லும். அதன் இரசிகர்கள் ஆடிப் பாடுவர். அவ்வாரவாரத்தின் நடுவே ஒரு முதியவர் மட்டும் சற்று அமைதியாகிப் பயிற்சியாளர் நிற்கும் பக்கம் பார்ப்பார். அவர் மடியில் கனம் ஏறிவிட்டது. அக்கனம் ஏறாமலே வாழ்ந்து முடிப்பதைவிட, சுமந்து அஞ்சி நடப்பது எவ்வளவோ மேல் என்பதே எங்கள் எண்ணம்.